ஊட்டியில் பாக்ஸிங் நைட்: யாருடைய விதியில்?

போன மாதம் ஊட்டியில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கிளப்புக்கு வந்தார். கிளப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குன்னூரில் ஒரு பழைய தேயிலைக் கிடங்கின் பாதி. தகரக் கூரை, தொங்கவிட்ட நாலு மூட்டை, மழைக்காலத்தில் காயவே காயாத கிளவுஸ், தரையிலேயே நாலு கம்பம் நட்டுக் கயிறு கட்டிய ஒரு ரிங். வெலிங்டன் பட்டாளத்தில் பாக்ஸிங் பழகி ஓய்வு பெற்ற இருவரும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் அருவங்காடு பக்கத்திலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். இப்போது மூன்று பெண்பிள்ளைகளும் வருகிறார்கள்.

வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "மாஸ்டர், மே மாசம் ஃபிளவர் ஷோ சமயத்துல ஊரே ஜேஜேன்னு இருக்கும். ஒரு புரொஃபஷனல் பாக்ஸிங் நைட் போடுவோம். வெளியூர்ல இருந்து ஆறு பேரு, நம்ம பசங்க ரெண்டு பேரு. செலவு என்னோடது. பேரு உங்களோடது."

அந்த "பேரு உங்களோடது" என்ற இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது.

பையன்கள் இருவருக்கும் ஆசை. மூத்தவனுக்கு 22 வயது, ஆறு வருடமாக அமெச்சூரில் ஆடுகிறான். "இதுல ஜெயிச்சா மெடல், தோத்தா அதுவும் இல்ல. அதுல தோத்தாலும் காசு உண்டு மாஸ்டர்" என்கிறான். தப்பு சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி உட்காரப் போகிறது. நடத்துவதா வேண்டாமா, நடத்தினால் எந்த நாட்டு முறையைப் பார்த்து நடத்துவது என்று என்னைத்தான் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். மலையில் வேறு யாராவது இதே யோசனையில் இருந்தால், கொடைக்கானல்காரர்கள் உட்பட, உதவும்.

அமெச்சூரும் புரொஃபஷனலும் ஒரே ஆட்டம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெச்சூரில் மூன்று ரவுண்ட், ரவுண்டுக்கு மூன்று நிமிடம். மொத்தமே ஒன்பது நிமிட அடிதடி. புரொஃபஷனலில் நாலு ரவுண்டில் தொடங்கி பன்னிரண்டு வரை போகும். கிளவுஸும் மெலிந்துவிடும். 147 பவுண்ட் எடை வரை எட்டு அவுன்ஸ்தான். அமெச்சூரில் பத்துக்குக் கீழே இல்லை. "அமெச்சூர்ல ஹெட்கார்ட் போடுறாங்களே" என்பார்கள். பெரிய ஆண்கள் போட்டிகளில் 2013-லேயே அதை எடுத்துவிட்டார்கள். அது புருவம் கிழியாமல் காக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. தேங்காய்க்கு மேலே துணி சுற்றிக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடாமலா இருக்கும்?

இனி நான் ஏன் எல்லா நாட்டுச் சட்டத்தையும் ஒரே ஒரு அளவுகோலால் அளக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு, ஒரு நவம்பர் சாயங்காலம். ஸ்பாரிங்தான், அதாவது பயிற்சிச் சண்டை, போட்டிகூட இல்லை. ஒரு பையன் இடது கை ஹுக் ஒன்று வாங்கினான். விழவில்லை. சிரித்துக்கொண்டே அந்த ரவுண்டை முடித்தான். பெஞ்சில் உட்கார்ந்து கிளவுஸ் முடிச்சை நான் அவிழ்க்கும்போது, "மாஸ்டர், இன்னிக்கு என்ன கிழமை?" என்றான். வியாழன் என்றேன். இன்னொரு கையை நீட்டினான். "மாஸ்டர், இன்னிக்கு என்ன கிழமை?" வேடிக்கை செய்கிறான் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்தேன். கேட்டதே அவனுக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான்.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை, கீழே கொண்டு போங்கள் என்றார்கள். நண்பர் ஒருவரின் ஜீப். காட்டேரி தாண்டியதும் பனிமூட்டம், வண்டியின் மூக்கே தெரியவில்லை. பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் அசையவில்லை. பின் சீட்டில் பையன் தலை என் மடியில். தூங்கவிடக் கூடாது என்று அவன் அம்மா பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கோயம்புத்தூர் போய்ச் சேர இரண்டே முக்கால் மணி நேரம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். இப்போது பிக்கப் வண்டியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப் போகிறான். பாக்ஸிங் பக்கம் நான் விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம்தான். எங்கள் திறமை அதில் எதுவும் கிடையாது.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசிந்து கட்டினால், பாக்ஸர் கொஞ்ச நேரம் நன்றாகவே பேசுவார், நடப்பார், பிறகு சரிவார். மண்டையைத் திறந்து அந்த ரத்தத்தை எடுப்பதுதான் வைத்தியம். 1981-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 82 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நாலு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தவர்களில் இறந்தவர்கள் 30 சதவீதம். அதற்குப் பிறகு நடந்தவர்களில் 90 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகளெல்லாம் இவ்வளவு கூர்மையான வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆனாலும் சீக்கிரம் திறந்தால் நல்லது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் 85 கிலோமீட்டர் சுமார். நல்ல நாளிலேயே மூன்று மணி நேரம். மே மாதம் ஏறுவதற்கு ஒரு ரோடு, இறங்குவதற்குக் கோத்தகிரி ரோடு என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு இருக்கிறது, ஆனாலும் கூட்டம் கூட்டம்தான். "ஹெலிகாப்டர் வெச்சுக்கலாம்" என்று ஓட்டல்காரர் சொன்னார். ராத்திரி ஒன்பது மணிக்கு, பனியில்? 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததைப் பார்த்த ஊர் இது. அவரும் அதற்கு மேல் பேசவில்லை.

ஆக என் அளவுகோல் இதுதான்: இந்தச் சட்டம் ரிங்கிலிருந்து ஆபரேஷன் டேபிளுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்கிறதா? கேட்டால், பதில் சரியில்லாதபோது போட்டியை நிறுத்த யாருக்கு அதிகாரம்? நிறுத்தாமல் விட்டால் யார் பணம் கட்டுவது?

தடை போட்ட நாடுகள்

ஐஸ்லாந்து 1956, கியூபா 1962, ஸ்வீடன் 1970, நார்வே 1981. எல்லாரும் புரொஃபஷனல் பாக்ஸிங்கே வேண்டாம் என்றார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் சங்கமும் 1982 முதல் பாக்ஸிங்கை ஒழிக்க வேண்டும் என்று சொல்லிவருகிறது. எதிராளியின் மூளையைக் கலக்குவதையே வெற்றியாக எண்ணும் விளையாட்டு வேறெது என்று டாக்டர்கள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. முப்பது வருடம் இதிலேயே கிடக்கிற எனக்கே இல்லை.

ஆனால் தடை பெரும்பாலும் நிலைக்கவில்லை. நார்வே 2014 டிசம்பரில் நீக்கியது. கியூபா 2022-ல் தன் பாக்ஸர்களை வெளிநாட்டு ரிங்குக்கு அனுப்பத் தொடங்கியது. ஸ்வீடன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 2006-ல் கதவைத் திறந்தார்கள், ஆனால் பாதிதான்: அனுமதி வாங்க வேண்டும், நாலு ரவுண்டுக்கு மேல் கூடாது. பன்னிரண்டு ரவுண்டில் கடைசி நாலு ரவுண்ட் எப்படி இருக்கும் என்று ரிங் ஓரம் நின்றவனுக்குத் தெரியும். கை தூக்கி முகத்தை மறைக்கத் தெம்பு இருக்காது, அடிக்க மட்டும் இருக்கும். 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் தென்கொரியாவின் கிம் டுக்-கூ விழுந்தது பதினான்காவது ரவுண்டில். சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் டைட்டில் போட்டிகள் பதினைந்திலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தன.

தடையால் இன்னொரு தொந்தரவு. ஆட்டம் நிற்காது, கிடங்குக்குள் போய்விடும். பிரிட்டனில் நிக் பிளாக்வெல் என்பவர் 2016 மார்ச்சில் மூளையில் ரத்தம் கசிந்து, கோமாவிலிருந்து பிழைத்து, லைசென்ஸ் இழந்தார். அதே நவம்பரில் லைசென்ஸ் இல்லாமலே ஸ்பாரிங் செய்து மறுபடியும் ஆபரேஷன் வரை போனார். ஆசை அப்படிப்பட்டது. எங்கள் மூத்த பையனுக்கு நாளைக்கே தடை போட்டால், கோவையிலோ பெங்களூரிலோ எங்காவது ஒரு கல்யாண மண்டபத்தில் வேறு பெயரில் ஏறுவான். பார்க்க நான்கூட பக்கத்தில் இருக்க மாட்டேன்.

பிரிட்டன்: கோர்ட்டில் தோற்றுக் கற்ற பாடம்

அங்கே பாக்ஸிங்குக்கு என்று பாராளுமன்றச் சட்டம் கிடையாது. 1929-ல் உருவான பிரிட்டிஷ் பாக்ஸிங் கட்டுப்பாட்டு வாரியம் என்ற தனியார் அமைப்புதான் லைசென்ஸ் தருகிறது, பிடுங்குகிறது. அரசாங்கம் இல்லாமல் எப்படி என்று கேட்கத் தோன்றும். பதில் 1991 செப்டம்பர் 21-ல் இருக்கிறது.

அன்று லண்டன் வொய்ட் ஹார்ட் லேன் மைதானத்தில் மைக்கேல் வாட்சன், கிறிஸ் யூபாங்க்கோடு மோதினார். பன்னிரண்டாவது ரவுண்டில் போட்டி நிறுத்தப்பட்டது. வாட்சன் சரிந்தார். ரிங் ஓரம் டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் அவரைப் பார்க்க ஒரு டாக்டர் வருவதற்கே ஏழு நிமிடம் ஆனது. மூச்சுக்குழாய் போட்டு ஆக்ஸிஜன் கொடுக்கும் வேலை, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகு, அரை மணி நேரம் கழித்துத்தான் நடந்தது. போன முதல் ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷன் வசதி இல்லை. அங்கிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போனார்கள். நாற்பது நாள் கோமா, ஆறு ஆபரேஷன்.

இதைப் படித்தபோது என் கை சில்லிட்டது. லண்டன் நகரத்துக்கு உள்ளேயே இந்தக் கதி. நாம் பேசிக்கொண்டிருப்பது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே.

வாட்சன் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். விதி எழுதுகிறவர்கள் நீங்கள், அந்த விதியை நம்பித்தான் நான் ஏறினேன், அதில் ஓட்டை இருந்தால் பொறுப்பு உங்களுக்குத்தான் என்பது வாதம். 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 4 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் ஆனது. அதைக் கட்ட வாரியம் தன் லண்டன் தலைமையகத்தையே விற்றது. (வாட்சன் 2003-ல் லண்டன் மாரத்தானை ஆறு நாள் நடந்து முடித்தார், கூடவே யூபாங்க்கும் நடந்தார்.) இப்போது அங்கே மயக்க மருந்து டாக்டர், முழு வசதியோடு ஆம்புலன்ஸ், முன்கூட்டியே தகவல் சொல்லப்பட்ட மூளை ஆபரேஷன் ஆஸ்பத்திரி எல்லாம் தயாராக இல்லாமல் மணி அடிக்காது. வருடா வருடம் மூளை ஸ்கேன் உண்டு.

என் அளவுகோலில் பிரிட்டன் நன்றாகத் தேறுகிறது. ஆனால் அது தேறியதற்குக் காரணம் வாரியத்தின் நல்ல மனசு இல்லை, விரைவாகத் தீர்ப்புச் சொல்லும் கோர்ட்டும் விற்றுக் கட்ட ஒரு கட்டிடமும் இருந்ததுதான். விரைவாக என்று சொன்னது தவறு, அங்கேயும் ஒன்பது வருடம் ஆனது. இங்கே எத்தனை வருடம் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் கிளப்பை விற்றால் நாலு மூட்டையும் தகரமும்தான் தேறும்.

அமெரிக்கா: சட்டம் இருக்கிறது, ஆனால்

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் அரசு ஆணையம். நியூயார்க்கில் 1920-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு மாநிலத்தில் நாக் அவுட் ஆகி விலக்கி வைக்கப்பட்டவர், அடுத்த மாநிலத்தில் வேறு பெயரில் அடுத்த வாரமே ஏறுவது சகஜமாக இருந்தது. அதை அடைக்கத்தான் 1996-ல் மத்தியச் சட்டம் வந்தது. பாக்ஸருக்கு அடையாள அட்டை வேண்டும். ஒரு மாநிலம் உடம்பு காரணமாக விலக்கினால் மற்ற மாநிலங்களும் மதிக்க வேண்டும். போட்டிக்கு முன் டாக்டர் பரிசோதனை, ரிங் ஓரம் எப்போதும் ஒரு டாக்டர், ஆம்புலன்ஸோ உயிர்காக்கும் கருவியோடு ஆட்களோ, பாக்ஸருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாம் கட்டாயம். 2000-ல் முகமது அலி பெயரில் இன்னொரு சட்டம் வந்தது. அது காசு விஷயம், போட்டி நடத்தும் புரமோட்டரும் பாக்ஸரின் மேனேஜரும் ஒரே ஆளாக இருந்து பாக்ஸரைச் சுரண்டக் கூடாது என்பது அதன் சாரம்.

காகிதத்தில் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. ஆனால் 2013 நவம்பர் 2 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ரஷ்யாவின் மகமது அப்துசலாமோவ் பத்து ரவுண்ட் அடி வாங்கி இறங்கினார். கட்டிடத்தில் ஆம்புலன்ஸ் இருந்தது. டாக்டர்கள் முகத்தில் தையல் போட்டார்கள். அப்புறம் அவர் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. பிழைத்தார், நடக்க முடியாது, பேச்சும் பழையபடி வரவில்லை. 2017-ல் நியூயார்க் மாநில அரசு 2.2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

ஆம்புலன்ஸ் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் யாரை, எப்போது ஏற்ற வேண்டும் என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். நான் ஸ்பாரிங் நாளன்று கற்றதும் அதைத்தான்: மூன்றாவது தடவை கேட்கும் வரை நான் காத்திருந்தேன். இரண்டாவது தடவையிலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

அமெரிக்க முறையில் பெரிய பலம், பணம் கட்ட அரசாங்கம் இருக்கிறது. அரசாங்கம் தோற்றால் கஜானாவிலிருந்து வரும். பிரிட்டன் மாதிரி கட்டிடம் விற்க வேண்டியதில்லை.

ஜப்பானையும் ஒரு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒழுங்கு என்றால் ஜப்பான் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். 2025 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோ கொராகுயென் ஹாலில் ஒரே இரவில் ஆடிய இரண்டு பாக்ஸர்கள், இருவருக்கும் 28 வயது, அடுத்த சில நாளில் மூளைக் காயத்தால் இறந்தார்கள். ரவுண்டைக் குறைத்தார்கள். எந்த விதியாலும் சாவை முழுசாக நிறுத்த முடியாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் இதற்குள் இறங்க வேண்டும்.

நம் ஊர்

இந்தியாவில் புரொஃபஷனல் பாக்ஸிங்குக்கு என்று தனிச் சட்டம் இல்லை. அமெச்சூரைப் பாக்ஸிங் ஃபெடரேஷன் பார்த்துக்கொள்கிறது. புரொஃபஷனலுக்கு இந்தியன் பாக்ஸிங் கவுன்சில் லைசென்ஸ் தருகிறது. அது சட்டத்தால் உண்டானதல்ல, தனியார் அமைப்பு. விஜேந்தர் சிங் 2015-ல் மான்செஸ்டரில் முதல் புரொஃபஷனல் போட்டி ஆடி, 2016-ல் டெல்லியில் ஆடியபோதுதான் நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சங்கங்களை எப்படி நடத்துவது, தேர்தல் எப்படி, தகராறு எங்கே போவது என்று பேசுகிறது. ரிங் ஓரத்தில் மயக்க மருந்து டாக்டர் வேண்டும் என்று கேட்பது அதன் வேலை இல்லை.

அப்படியானால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது குற்றம் ஆகாதா? இங்கேதான் ஒரு பழைய சட்ட வரி வருகிறது. இந்திய தண்டனைச் சட்டம் 87-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 25-வது. 18 வயது தாண்டியவர் சம்மதித்து, சாவோ கொடுங்காயமோ உண்டாக்கும் எண்ணமில்லாமல், உண்டாகும் என்று தெரியாமலும் செய்த செயல் குற்றமில்லை. சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது: இரண்டு பேர் பொழுதுபோக்காக வாள் விளையாட ஒப்புக்கொள்கிறார்கள். சரி, ஆனால் நாக் அவுட் என்பதே எதிராளியை நினைவிழக்க வைப்பது. "உண்டாகும் என்று தெரியாது" என்று புரமோட்டர் எந்த முகத்தோடு சொல்வார்? அலட்சியத்தால் சாவு என்றால் 106-வது பிரிவு, ஐந்து வருடம் வரை உள்ளே. அந்தப் பிரிவின் கீழ் போலீஸ் முதலில் தேடுவது நோட்டீஸில் யார் பெயர் இருக்கிறது என்றுதான். "பேரு உங்களோடது."

இது கற்பனைப் பயம் இல்லை. 2022 ஜூலையில் பெங்களூரில் ஒரு கிக்பாக்ஸிங் போட்டியில் அடிபட்ட மைசூர் இளைஞர் இறந்தார். நடத்தியவர்கள் மேல் வழக்குப் பதிவானது. அடுத்த மாதமே சென்னையில் தேசிய கிக்பாக்ஸிங் போட்டியில் அடிபட்ட அருணாச்சலப் பிரதேச வீரர் ஒருவர் இறந்தார்.

காளைக்கு இருப்பது

இப்போது என் சொந்த யோசனை. தமிழ்நாட்டுக்கு ஆபத்தான விளையாட்டை ஒழுங்குபடுத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் சட்டமும் விதிகளும் போட்டோம். 2023 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. கலெக்டர் அனுமதி இல்லாமல் வாடிவாசல் திறக்காது. காளையைக் கால்நடை டாக்டர் பார்க்கிறார், மாடுபிடி வீரரை டாக்டர் பார்க்கிறார். இரட்டைத் தடுப்பு, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ். அதற்கு மேலும் சாவு நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்க ஒரு கலெக்டர் இருக்கிறார்.

அரசியல் சாசனத்தில் விளையாட்டும் கேளிக்கையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் மாநிலத்துக்கு இல்லை. ஜல்லிக்கட்டு விதிகளை முன்னால் வைத்துக்கொண்டு, பிரிட்டனின் ஆஸ்பத்திரி நிபந்தனையையும் ஸ்வீடனின் நாலு ரவுண்டையும் சேர்த்தால் இரண்டு பக்கத்தில் ஒரு பாக்ஸிங் விதி எழுதிவிடலாம். வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று தலைமுறை தலைமுறையாகக் குத்துச்சண்டை போட்ட மாநிலம் இது. காளைக்கு இருக்கிற பாதுகாப்பு குத்துச்சண்டைக்காரனுக்கு இல்லை என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வரும் வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது, மே மாதம் வந்துவிடும்.

மலை தனியாகக் கேட்கும் கணக்கு

எந்த நாட்டு விதியிலும் இல்லாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். மெக்ஸிகோ சிட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம். சமவெளியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனில் முக்கால் பங்குதான் இங்கே. நம் பையன்களுக்குப் பழக்கம். சென்னையிலிருந்து முந்தின நாள் பஸ் ஏறி வருகிறவனுக்கு மூன்றாவது ரவுண்டிலேயே கை கீழே தொங்கும். எடை குறைக்க இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல் காய்ந்து வந்தவனாக இருந்தால் இன்னும் மோசம். புரமோட்டருக்கு இது நல்ல செய்தி, உள்ளூர்ப் பையன் ஜெயிப்பான், கூட்டம் விசில் அடிக்கும். எனக்கு இது ஒரு பக்கம் சாய்ந்த தராசு. வெளியூர்ப் பாக்ஸரை ஒரு வாரம் முன்னாலேயே வரவழைத்துத் தங்க வைக்க வேண்டும். ஓட்டல்காரருக்கு மே மாதத்தில் ஆறு அறை ஒரு வாரம் சும்மா போகும். அவர் முகம் அப்போது போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

108 இருக்கிறதே என்றார் கமிட்டியில் ஒருவர். 108 ஊருக்குப் பொதுவான வண்டி. சீசன் நேரத்தில் தொட்டபெட்டாவில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால் அங்கேதான் போகும், போகவும் வேண்டும். நமக்கென்று இரண்டு வண்டி வேண்டும். ஒன்று கிளம்பிவிட்டால் இன்னொன்று இல்லாமல் அடுத்த போட்டி தொடங்கக் கூடாது.

என் முடிவு வரிசை இப்படி. முதல் தேர்வு, கோயம்புத்தூருக்கு இறக்கிவிடுவது. அங்கே மூளை ஆபரேஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில் அரங்கு கிடைக்கும். கவுன்சில் லைசென்ஸோடு, நாலு ரவுண்ட், பிரிட்டன் நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதி, கலெக்டருக்கும் போலீஸுக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து நடத்தலாம். ஓட்டல்காரருக்கு இதில் லாபம் இல்லை, அதனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன். இரண்டாவது, ஊட்டியிலேயே, ஆனால் அமெச்சூர் விதியில், பத்து அவுன்ஸ் கிளவுஸ், மூன்று ரவுண்ட், பகல் பதினோரு மணிக்கு. இருட்டுவதற்கு முன்னால் மலை இறங்க நேரம் இருக்கும். மே வேண்டாம், பிப்ரவரி, ரோடு காலியாக இருக்கும். பையன்களுக்குக் காசு கிடைக்காது, மூத்தவன் என்னோடு ஒரு வாரம் பேச மாட்டான். மூன்றாவது, அவர் கேட்டபடி மே மாத ராத்திரி, புரொஃபஷனல். இதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், கமிட்டி போட்டாலும் என் பெயரை எடுத்துவிடச் சொல்வேன்.

போன வெள்ளிக்கிழமை ஓட்டல்காரரிடம் ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தேன். ரெஃப்ரி யார், லைசென்ஸ் யாரிடமிருந்து. ரிங் ஓரம் மயக்க மருந்து டாக்டர் யார். ஆம்புலன்ஸில் ஏற்று என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, பெயர் வேண்டும். அன்று ராத்திரி தயாராக இருப்போம் என்று மூளை ஆபரேஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். ஒவ்வொரு பாக்ஸருக்கும் தலைக்காயத்துக்குப் பணம் தரும் இன்சூரன்ஸ் நகல்.

நேற்று தாள் திரும்பி வந்தது. முதல் மூன்றுக்கும் அழகான கையெழுத்தில் பதில் இருக்கிறது, மூன்றாவதில் என் பெயர். நாலாவதும் ஐந்தாவதும் காலி.